பேச்சை எடுத்துவிட்டால் சாதி எங்கே போய் உட்காரும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் போன மழைக்காலத்தில் என்னைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு குறும்படக் கதை. பன்னிரண்டு நிமிடம் ஓட வேண்டுமாம். காதல் கதைதான். பையன் தப்பு என்ற தோற்பறையை அடிக்கும் குடும்பத்தவன்; பெண் மேல் லயத்தில் (லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு), மேல்சாதியாகக் கருதப்படும் குடியானவர் வீட்டில் பிறந்தவள். இதுவரை நூறு தடவை கேட்ட கதை. புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று: படம் முடியும்வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

ஏன் என்று கேட்டேன். ஒருவன் காசில்லை என்றான். வசனம் என்றால் நல்ல மைக் வேண்டும், நடிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். இன்னொருவன், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வசனத்தைத் திரைக்கு அடியில் எழுதிப் போடும் வேலை மிச்சம், எந்த நாட்டு விழாவுக்கும் அப்படியே அனுப்பலாம் என்றான். இரண்டும் சரியான காரணங்கள்தான். அந்தப் பெண் சொன்ன மூன்றாவது காரணம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: “எங்கள் பேச்சைக் கேட்டதும் சிரிக்கிறார்கள் ஐயா. சிரித்த பிறகு படத்தைப் பார்க்க மாட்டார்கள்.”

அவள் சொன்னதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. இலங்கைத் தமிழ் மேடையிலும் வானொலி நாடகத்திலும் மலையகத்தின், அதாவது தோட்டத் தமிழரின், பேச்சு வெகுகாலம் வேலைக்காரப் பாத்திரத்தின் பேச்சாகவே ஒலித்தது. தேநீர்த் தட்டோடு உள்ளே வருகிறவன், கடையில் சாமான் கட்டுகிற பையன், பிள்ளை பார்த்துக்கொள்ள வந்த சிறுமி. இவர்கள் வாயைத் திறந்ததும் சபை கலகலக்கும். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை முகத்துக்கு நேரே கேட்காதவர் எங்கள் தலைமுறையில் குறைவு. கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயர் வாயில் வராது. ஹட்டன் என்பார்கள், பண்டாரவளை என்பார்கள், கேட்பவர் அதோடு விட்டுவிட்டால் பெருமூச்சு விடுவார்கள். பக்கத்து டவுனின் பெயர் அவர்களுக்கு ஒரு போர்வை.

ஆகவே பேச்சை எடுத்துவிட்டால் ஓர் ஏளனம் தொலையும். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடும் என்பதைத்தான் அந்த நால்வரும் யோசித்திருக்கவில்லை.

தமிழில் சாதி வினைமுற்றில் இருக்கிறது. ‘வா’ என்பதா ‘வாருங்கள்’ என்பதா, ‘சொன்னான்’ என்பதா ‘சொன்னார்’ என்பதா என்பதில் ஒருவருடைய வயது, படிப்பு, சம்பளம் எல்லாம் அடிபட்டுப் போய்ச் சாதி மட்டும் மிஞ்சுகிற தருணங்கள் உண்டு. அறுபது வயதுத் தப்புக்காரரை மேல் லயத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும், அவர் தோளிலிருந்த துண்டை இறக்கிக்கொண்டு போனதையும் பார்த்து வளர்ந்தவன் நான். வசனம் எழுதும் சினிமாக்காரருக்கு இது பெரிய வசதி. ஒரே ஒரு விகுதியால் முழுச் சமூக ஏணியையும் காட்டிவிடலாம். வசனம் கூடாது என்று தீர்மானித்தவருக்கு அந்த விகுதி இல்லை. அப்படியென்றால் சாதி எங்கே போய் உட்காரும்? உடம்பில் உட்கார வேண்டும். அல்லது ஒரு பொருளில். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வகைப் படத்தில் முக்கால்வாசி வேலை.

அதற்குத் தோட்டம் எப்படி அமைந்தது என்பது தெரிய வேண்டும். 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் கதையை எண்ணுவது வழக்கம். 2023இல் ‘மலையகம் 200’ என்று அதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்க, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. படத்துக்கு வேண்டியது ஆள் பிடித்த முறை. கங்காணி தன் ஊருக்குப் போய்த் தன் உறவுக்காரரையும், ஊர்க்காரரையும், சேரிக்காரரையும் கடனில் கட்டி அழைத்து வந்தார். தனி ஆட்கள் வந்து சேரவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் கிராமங்கள் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தன. கிராமம் வந்தபோது அதன் மேல், கீழ் எல்லாம் கூடவே வந்தது. பெரிய கங்காணிகளில் பலர் குடியானவர்கள். லயத்தில் காம்பரா என்னும் அறைகளைப் பிரித்துக் கொடுத்தபோது இன்ன சாதிக்கு இன்ன லயம் என்று போனது இப்படித்தான். சாதிகளின் பெயர்களை இங்கே வரிசையாக எழுத வேண்டியதில்லை. தோட்டத்தில் புழங்கும் பெரிய கோடு ஒன்றுதான்: குடியானவர், அல்லாதவர்.

வேடிக்கை என்னவென்றால், லயத்தில் போட்ட இந்தக் கோட்டை மலையில் போட முடியவில்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் ஒரே பெரட்டு. கொழுந்து எடுக்கும்போது மேல் லயத்துப் பெண்ணும் கீழ் லயத்துப் பெண்ணும் அடுத்தடுத்த நிரையில் நிற்பார்கள். இடுப்பில் ஒரே மாதிரிப் படங்குத் துணி, நெற்றியில் ஒரே கூடைக் கயிறு. நிறுக்கும் தராசு எவருடைய கொழுந்து என்று கேட்பதில்லை. கணக்குப்பிள்ளை போடும் பேரும் (முழுநாள் சம்பளம்) அரைப்பேரும் கிலோவைப் பார்த்துத்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தோளோடு தோள் உரசி நின்றவர்கள் மாலையில் லயத்துக்குத் திரும்பும்போது இடையில் ஒரு முழம் இடம் விட்டு நடப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்த நடையை மட்டும் தூரத்திலிருந்து வெட்டாமல் ஒரு நிமிடம் படம் பிடித்தாலே போதும் என்று சொன்னேன். “அதில் என்ன இருக்கிறது?” என்று கெமரா வைத்திருந்தவன் கேட்டான். அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு வந்து காட்டியபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வசனமில்லாத படம் என்பதை மௌனப் படம் என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து மௌனப் படம் பேசத்தான் விரும்பியது, கருவி இடம் கொடுக்கவில்லை. சென்னையில் நடராஜ முதலியார் 1910களின் இறுதியில் எடுத்த கீசகன் கதையிலும் எழுத்து அட்டைகள் வந்து வந்து போயின. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா வாயைத் திறந்தது. பாட்டும் வசனமுமாக அன்று திறந்த வாய் அதன் பிறகு மூடவே இல்லை. 1987இல் கமல்ஹாசன் நடித்து, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, வசனமே இல்லாமல் வந்த படத்துக்குத் தமிழில் ‘பேசும் படம்’ என்று பெயர் வைத்த குறும்பை இன்றைக்கும் ரசிக்கிறேன். அதில் தெருச் சத்தம் இருந்தது, இசை இருந்தது, கதவு சாத்தும் ஒலி இருந்தது. மனிதர் பேசும் தேவை மட்டும் சாமர்த்தியமாகத் தவிர்க்கப்பட்டிருந்தது. வசதி இருந்தும் பேசாமல் இருப்பது ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு நியாயம் வேண்டும். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில், ‘இவர்கள் ஏன் பேச மாட்டேன் என்கிறார்கள்?’ என்று பார்ப்பவருக்கு எரிச்சல் வரும்.

எங்கள் லயத்தில் அந்த நியாயம் கட்டிடத்திலேயே இருக்கிறது. காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டடி அறை. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைத் தகரம் வரை எட்டாது. இந்தக் காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவில் மருந்து சொல்வார்கள். இரவில் கணவனும் மனைவியும் சண்டை போடுவதானால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட வேண்டும். இந்த இடத்தில் காதலிப்பவர்கள் எந்தக் காலத்தில் வசனம் பேசினார்கள்? இஸ்தோப்பில் விளக்கைத் தூண்டிவிடுவது, துணி காயப்போடும் கொடியில் ஒரு குறிப்பிட்ட துண்டை ஓரத்தில் போடுவது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக் கிளம்பும்போது குடத்தை வேண்டுமென்றே கல்லில் தட்டுவது. இவைதான் எங்கள் காதல் கடிதங்கள். என்னைக் கேட்டால், தோட்டத்துக் காதலைப் பக்கம் பக்கமான வசனத்தில் எடுத்த படங்கள்தான் கற்பனைப் படங்கள்.

கைத்தொலைபேசி வந்து இதைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது. இப்போது எல்லாம் வட்சப்பில்தான் என்று பையன்கள் சிரித்தார்கள். உண்மைதான். ஆனால் திரையில் செய்தியை எழுத்தாகக் காட்டினால் அது வசனத்தைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருவது. நெடுநேரம் விவாதித்தோம். கடைசியில் அந்தப் பெண்ணே வழி சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது ஒரு பாறை மேல் மட்டும். மாலையில் ஏழெட்டுப் பேர் அங்கே ஏறி, ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு நிற்பார்கள். மேல் லயமும் கீழ் லயமும் ஒரே பாறையில். ஒவ்வொரு முகத்திலும் ஒரு நீல வெளிச்சம். எழுத்தைக் காட்ட வேண்டாம், வெளிச்சம் போதும் என்றாள்.

இனி டம்ளருக்கு வருகிறேன். கதையின் நடுப்பகுதி அது.

பையன் கொழும்பிலிருந்து மாசி மாதக் காமன் கூத்துக்காக ஊர் வருகிறான். பெண்ணின் தம்பிக்கு ஏதோ சாமான் கொண்டுவந்து கொடுக்க மேல் லயத்துக்குப் போகிறான். முதல் எழுத்துப்படியில் பெண்ணின் தாய் அவனைக் கண்டு முகத்தைச் சுளித்துக் கதவைச் சாத்துவதாக இருந்தது. அதை அடித்துவிடச் சொன்னேன். இன்றைக்கு யாரும் அப்படிக் கதவைச் சாத்துவதில்லை. அவனுடைய சப்பாத்தையும் சட்டையையும் பார்த்தால் வரவேற்கத்தான் செய்வார்கள். இஸ்தோப்பில் கதிரை போடுவார்கள். சாயத்தண்ணி, அதாவது வெறுந்தேநீர், வரும். வீட்டுக்காரருக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் வரும், அதே சீனி, அதே இஞ்சி. அவன் குடிப்பான், சிரிப்பான், எழுந்து போவான். அதன் பிறகு கெமரா அங்கேயே இருக்க வேண்டும். தாய் வருவாள். இரண்டு டம்ளரையும் எடுப்பாள். ஒன்றை உள்ளே கொண்டுபோவாள். மற்றதை இஸ்தோப்பு ஓரத்தில் பீப்பாய்த் தண்ணீரில் ஒரு தடவை கழுவி, மறுபடியும் ஒரு தடவை கழுவி, சுவர் மேல் கவிழ்த்து வைப்பாள். உள்ளே தட்டில் டம்ளர்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஓர் இடைவெளி. மகள் அந்த இடைவெளியைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

இதைச் செய்யும் தாயைக் கொடுமைக்காரியாகக் காட்டக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அவள் கோபத்தில் செய்யவில்லை. அவளுடைய தாய் செய்ததை அவள் கை செய்கிறது. முந்தைய தலைமுறையில் அந்தச் சுவருக்கு மேல் நிரந்தரமாக ஒரு சிரட்டையோ காதுடைந்த கோப்பையோ இருந்திருக்கும். இப்போது டம்ளர் ஒன்றாகிவிட்டது, கழுவும் முறை மட்டும் இரண்டாக இருக்கிறது. டவுன் கல்யாண மண்டபங்களில் குடித்ததும் வீசும் காகிதக் கோப்பை வந்து இந்தச் சங்கடத்தையும் தீர்த்துவைத்திருக்கிறது. நவீன வசதி!

வாய் பேசாத முகத்தைப் பார்ப்பவர் எப்படிப் படிக்கிறார் என்பதற்கு ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பரிசோதனை செய்தார். ஒரு நடிகரின் ஒரே முகம். அதற்கு அடுத்து ஒரு கிண்ணம் சூப்பை வெட்டி ஒட்டினால் முகத்தில் பசி தெரிந்தது. சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் தெரிந்தது. முகம் மாறவே இல்லை. எங்கள் படத்தில் மகளின் முகத்துக்கு அடுத்து வருவது தட்டின் இடைவெளி. அதைக் கண்ட மலையகத்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சிக்கல் மற்றவர்களிடத்தில். லயத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் இந்தக் காட்சியைத் தாயின் சுத்தமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். வசனமில்லாப் படத்தை எல்லா நாட்டவரும் புரிந்துகொள்வார்கள் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. எல்லோரும் பார்ப்பார்கள், உண்மை. ஆனால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கொண்டுதான் நிரப்புவார்கள். மலையகத்தைப் பற்றி வெளியே தெரிந்தது மூடுபனி, நீல ரயில், ஒன்பது வளைவுப் பாலம், கூடை சுமந்து புன்னகைக்கும் பெண். இந்தப் படத்தொகுப்பு அவர்கள் தலைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பையன்களிடம் ஒரே கட்டளை போட்டேன்: மூடுபனி இறங்கினால் கெமராவை உறையில் போடுங்கள்.

அதற்காகத்தான் டம்ளரை இரண்டு முறை காட்டச் சொன்னேன். முதல் தடவை மேல் லயத்து உறவுக்காரர் ஒருவர் வந்து குடிக்கிறார். அவருடைய டம்ளர் ஒரே கழுவலில் உள்ளே தட்டுக்குப் போகிறது. இரண்டாவது தடவை பையன். ஊரறியாதவரும் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வார். பேச்சு இல்லாத இடத்தில் ஒப்பீடுதான் இலக்கணம்.

அடையாளம் என்ற சொல்லுக்கு எங்களிடம் இன்னொரு பொருளும் உண்டு, காகிதத்தில் இருப்பது. 1911 குடிசனக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாகப் பிரித்து எழுதினார்கள். அந்தப் பெயர் இன்றும் பிறப்புச் சான்றிதழில் ‘இனம்’ என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. இங்கேயே ஐந்தாறு தலைமுறை பிறந்து மடிந்த பிறகும் இந்தியா என்ற சொல் விடுவதாயில்லை. மலையகத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளும் இயக்கம் இதற்கு எதிராகத்தான் எழுந்தது. சிலர் இரண்டையும் விட்டுவிட்டு இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்கிறார்கள். கதையின் இறுதிப் பகுதியில் காதலர்கள் இருவரும் விவாகப் பதிவாளரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் காட்சி வருகிறது. படிவத்தில் அவளுடைய இனம், அவனுடைய இனம். இரண்டு கட்டத்திலும் ஒரே சொல்லை எழுதுகிறார்கள். கொழுந்துத் தராசைப் போலவே அரசாங்கக் காகிதமும் சாதியைக் கேட்பதில்லை. அந்தக் காகிதத்தின்படி இவர்கள் ஒரே சனம். டம்ளரின்படி இல்லை.

அந்தக் காட்சியில் இன்னொரு கட்டமும் உண்டு: முகவரி. தோட்டத்து மக்களில் பலருக்கு வீட்டு இலக்கம் போட்ட முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து லயத்துக்கு வருவதற்குள் யார் யாருக்கு எழுதினார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பேனா அந்தக் கட்டத்தின் மேல் நிற்கிறது. நிற்கும் நேரம் நான்கு விநாடியா ஆறு விநாடியா என்று பையன்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கதையை வாசித்த என் வயது நண்பர் ஒருவர் கோபப்பட்டார். தொழிற்சங்கத்தில் இருந்தவர். “ஏற்கெனவே வாயடைத்து வைத்த சனத்தைத் திரையிலும் ஊமையாக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தல் முடிந்தபோது எங்களுக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட அந்தச் சபையில் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2003இல் வந்த சட்டத்தோடுதான். இந்த வரலாற்றை அறிந்த ஒருவருக்கு வாய் பேசாத மலையகப் பாத்திரம் உறுத்தத்தான் செய்யும்.

நான் அவருக்குச் சொன்ன பதில் இது. மேலே உள்ளவர்கள் எங்களைப் பேச விடாதது ஒரு மௌனம். எங்களுக்குள் நாங்களே ஒன்றைப் பேசாமல் இருப்பது இன்னொரு மௌனம். சம்பளத்தைப் பற்றி, காணியைப் பற்றி, வீட்டைப் பற்றி மேடை போட்டு எத்தனையோ பேசியிருக்கிறோம். சாதியைப் பற்றி மேடையில் பேசியது மிகக் குறைவு. எல்லோரும் தொழிலாளி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். தொழிற்சங்கத்தின் கூட்டங்கள் ஒன்றாக நடந்தன, கல்யாணங்கள் தனித்தனியாக நடந்தன. படத்தில் கேட்கும் மௌனம் இந்த இரண்டாவது மௌனம். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் படத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

படத்தின் உச்சம் காமன் கூத்து. மாசி மாதம், அமாவாசை கழித்து மூன்றாம் பிறையில் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, பௌர்ணமியை ஒட்டிய இரவில் விடிய விடிய ஆடும் கூத்து. கதை எல்லோருக்கும் தெரிந்தது. தவத்திலிருக்கும் சிவன் மீது மன்மதன் கணை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, காமன் சாம்பலாகிறான், ரதி புலம்புகிறாள். காதலைத் தண்டித்து எரிக்கும் கதையைத் தோட்டம் முழுவதும் கூடி நின்று, பாவம் ரதி என்று கண்ணீர் விட்டுப் பார்க்கிறது. விடிந்ததும் தன் வீட்டு மகள் கீழ் லயத்துப் பையனைப் பார்த்துச் சிரித்தாள் என்று கேள்விப்பட்டால் அதே தோட்டம் வேறு முகம் காட்டுகிறது. இதைவிடக் கூர்மையான பின்னணியை எந்தக் கதாசிரியரும் உண்டாக்கித் தர முடியாது.

இந்தக் கூத்துத் தப்பு இல்லாமல் ஓர் அடி நகராது. ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் ஓர் அடி உண்டு. தூதன் வரும் அடியும் வீரபத்திரன் வரும் அடியும் வேறு வேறு. அந்தக் காலத்தில் விடியற்காலை ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு வரவழைத்ததும் தப்புத்தான். சாவுக்கும் அதுதான், சாமிக்கும் அதுதான். எல்லோருக்கும் வேண்டிய கருவி, ஆனால் அடிப்பவர் மட்டும் கீழ் லயம். அதனால் படித்த பிள்ளைகள் பலர் தப்பைத் தொட மாட்டேன் என்று விட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் அதே தப்பு இன்று மலையக அடையாளம் என்று மேடைகளிலும் பல்கலைக்கழக விழாக்களிலும் முழங்குகிறது. வெட்கமும் பெருமையும் ஒரே தோலில். கதாநாயகன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவன். கொழும்பில் தகப்பனின் தொழிலை மறைத்தவன், கூத்து இரவில் தகப்பனுக்குக் கை வலிக்கும்போது தப்பை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று தயங்குகிறான். மேல் லயத்தவர்கள் மத்தியில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கே ஒரு சிறு செய்கை எல்லாவற்றையும் சுமக்கிறது. பனியில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். அடிக்கும் முன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, தப்பைத் தீயருகே சாய்த்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்ச வேண்டும். விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ‘தொம்’ என்றால் இன்னும் காய வேண்டும், ‘டண்’ என்று தெறித்தால் போதும். பையன் தீயருகே குந்தி உட்கார்ந்து தோலைக் காய்ச்சுகிறான். தட்டுகிறான். தொம். மறுபடி தட்டுகிறான். தொம். அவனுக்குப் பின்னால் காமனை எரிக்கும் தீ மூட்டப்படுகிறது. டண். அவன் எழுந்திருக்கிறான். பன்னிரண்டு நிமிடப் படத்தில் இந்தக் காட்சிக்கு மட்டும் இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதிகமென்று நான் சொல்ல மாட்டேன்.

ரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கப்படி ரதி வேடம் கட்டுவது ஆண். விரதமிருந்து, புடவை உடுத்து, பொட்டு வைத்து வரும் அந்த ஆளைத் தோட்டத்துப் பெண்கள் ரதியாகவே பார்ப்பார்கள். கூத்து இரவில் காமனும் ரதியும் கைகோத்து வரும்போது இரண்டு ஆண்கள் கைகோத்து வருகிறார்கள் என்று ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. எங்கள் எழுத்துப்படியில் ரதி வேடக்காரன் விடியற்காலையில் பீலிக்கரையில் முகச்சாயம் கழுவும் ஒரு காட்சி இருக்கிறது. ஒரு கன்னத்தைக் கழுவிவிட்டு மறு கன்னத்தைக் கழுவ மனமில்லாமல் தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதற்கு மேல் ஒன்றும் காட்டவில்லை. இரண்டு ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் விதிகள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையோடு இலங்கைக்கு வந்தவை. அவற்றில் ஒன்றான 365அ பிரிவு 1995இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை. வசனமிருந்தால் அந்தப் பாத்திரம் இதைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும், கேட்பவர் உடனே பக்கம் பிரிந்துவிடுவார். இப்போது அவன் தன்னைப் பார்க்கிறான், நாம் அவனைப் பார்க்கிறோம்.

ரதியின் ஒப்பாரியை என்ன செய்வது என்பதில் மட்டும் நாங்கள் பிரிந்தோம். பாட்டு வசனமா இல்லையா? தோட்டத்துக் கோயிலில் காலையில் போடும் ஒலிபெருக்கிப் பாட்டையே நீக்கிவிட்டோம். அதில் சொற்கள் இருக்கின்றன. ஒப்பாரியையும் நீக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மனமில்லை. நூற்றாண்டுக் கணக்கில் எங்கள் பெண்கள் வாய்விட்டுப் பேச அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் ஒப்பாரி. கடைசியில் தொலைவிலிருந்து, சொல் பிடிபடாத தூரத்தில், குரலாக மட்டும் கேட்கும்படி வைப்பது என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில் ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், காற்றாடி ஓசை முன்னால் கேட்கும். இராத் தேயிலை வாடிக்கொண்டிருக்கும்.

படப்பிடிப்புக்கு இந்த மாசியில் நாள் பார்த்திருக்கிறார்கள். தப்படிக்க ஒப்புக்கொண்ட பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார்: கையை மட்டும் காட்டக்கூடாது, முகத்தையும் காட்ட வேண்டும். சரி என்றார்கள். பெண்ணின் தாயாக நடிக்க ஓர் ஆசிரியை கிடைத்துவிட்டார். இரண்டு எவர்சில்வர் டம்ளரை மட்டும் யார் வீட்டிலிருந்து வாங்குவது என்று தெரியவில்லை. கடையில் வாங்கினால் புதிதாக மின்னும், பழையது வேண்டும். மேல் லயத்தில் கேட்கலாம், ஆனால் எதற்கு என்று கேட்பார்கள்.